எட்டுப் பேருக்கு ஒரு படகு

மதியம் ஒன்றரைக்கு லாகின்.
அங்கே காலை பத்து.
உட்ரெக்ட் நகரத்து ஹன்னெகே
பதினோராவது கேள்வியை அனுப்பியிருக்கிறாள்:
படத்தில் இருப்பதுபோல் பாய் விரியுமா?

படத்தில் இரண்டு மரம், நான்கு பாய்,
நான்கும் வயிறு புடைத்து நிற்கின்றன.
பைன் பலகையில் பழைய முறைப்படி கட்டியது,
இருபத்து நாலு மீட்டர்.
கோஸ் தீவில் ஏறி கோஸ் தீவிலேயே இறங்க ஏழு ராத்திரி,
கேப்டன், சமையல்காரர், ஒரு கையாள்.
வாடகை, என் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடும்.
அந்தக் கணக்கை ஒரு தரம்தான் போட்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று
மகிழ்மாறனுக்கு மார்க் என்று வைத்தார்கள்.
என் பேரை ஒன்றும் செய்யவில்லை.
ராயபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கிய டார்த்தி
அங்கேயும் டார்த்திதான்.

நாற்பது படகுகளில் எத்தனை கக்கூஸ் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஒன்றிலும் கால் வைத்ததில்லை.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால்
மேஜையில் தண்ணீர் டம்ளர் ஆடும்.
எனக்குத் தெரிந்த அலை அது.

அக்கா புருஷன் கில்பர்ட்
காசிமேட்டில் லாஞ்சுக்கு இன்ஜின் பார்க்கிறவர்.
சோறு போட உட்கார்ந்தபோது கேட்டேன்.

காத்து சொன்னா பாயி,
ஓனரு சொன்னா டீசலு, என்றார்.

ஜூலையில் அங்கே வடக்கிலிருந்து ஒன்று அடிக்குமாம்,
மெல்டெமி என்று பேர்.

வாடைதானே. பேர மாத்திக்கினு
வெயில் காலத்துல வருது.
ஜெனரேட்டர் எங்க வெச்சிருக்கான்?

பின்னாடி.

அப்ப தூக்கம் வராதவங்களுக்கு முன்னாடி ரூம் குடு.
ஆனா காத்து ஏறிச்சின்னா
முன்னாடிதான் தூக்கித் தூக்கிப் போடும்.
எது வோணும்னு அவங்களையே கேளு.
ரசம் ஊத்து.

பதில் எழுதும் பெட்டியில் ஒரு வரி
தானாகவே வந்து உட்காரும்:
எங்கள் குழுவினர் நேரில் பயணித்துத் தேர்ந்த படகுகள்.
அதை அழித்தேன்.
எழுதினேன்: பெரும்பாலும் இன்ஜின்தான் அம்மா.
மத்தியானம் காற்று ஒத்துக்கொண்டால்
ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு, பாய் ஏற்றுவார்கள்.
அந்த நேரத்தில் எடுத்த படம் அது.
பின் அறையில் இரைச்சல், முன் அறையில் ஆட்டம்.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.

டீம் லீடர் சாட்டில்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

மூன்று நாள் உட்ரெக்டில் சத்தமில்லை.
நாலாம் நாள் முன்பணம் வந்தது,
கூடவே இரண்டு வரி:
பின் அறை போதும். வீட்டில்
இப்போது சத்தமே இல்லை.

ஏப்ரல் பதினைந்து. அறுபத்தோரு நாள் தடை.
மற்றவர்கள் கடலுக்குப் போக முன்பதிவு செய்யும் மாதங்களில்
இங்கே கடலுக்குப் போகக் கூடாது.
காசிமேட்டில் லாஞ்சுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்க
ஒன்றின் வயிற்றுக்குள்ளிருந்து
கில்பர்ட்டின் சுத்தியல் சத்தம்.
ஞாயிற்றுக்கிழமை. கையில் டிபன் கேரியர்.
நடுவில் ஒரு பலகை போட்டிருந்தது,
என் செருப்பின் அகலம்.

மேலே வா, என்றார், முகம் தெரியாமல்.

ஏறினேன்.
பலகை ஒரு விரற்கடை தாழ்ந்து
திரும்ப மேலே வந்தது.
அவ்வளவுதான். அதற்கே
கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

செருப்ப கயட்டு, என்றது உள்ளிருந்து குரல்.

இதை நூறு தரம் தட்டச்சு செய்திருக்கிறேன்:
படகின் தளம் மரத்தாலானது,
விருந்தினர்கள் காலணிகளை
ஏறுபலகை அருகிலுள்ள கூடையில் விடவும்.

கூடையைத் தேடினேன்.
இருந்தது. நண்டுக் கூடை.
அதில் விட்டேன்.

திங்கட்கிழமை மதியம்
மார்க் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.
ஹன்னெகேயின் பன்னிரண்டாவது கேள்வி வந்திருந்தது:
ஏறும்போது யாராவது கை கொடுப்பார்களா?